போர் முடிந்தாலும் எண்ணெய் உற்பத்தி ஏன் உடனே பழைய நிலைக்கு வருவதில்லை?

ஒரு நாடு நாளொன்றுக்கு எடுக்கும் எண்ணெயின் அளவே உற்பத்தி. அது போருக்கு முந்திய அளவுக்குத் திரும்புவது மீட்சி. பல இடங்களில் எண்ணெயை மேலே தள்ளுவது நிலத்தடி அழுத்தம்தான். 1991இல் பின்வாங்கிய ஈராக்கியப் படைகள் குவைத்தில் 600க்கும் மேற்பட்ட கிணறுகளுக்குத் தீ வைத்தன. கடைசித் தீ நவம்பரில்தான் அணைந்தது. அதுவரை பீறிட்டதில் எண்ணெயோடு அழுத்தமும் வீணானது.

யாழ்ப்பாணத்தில் இடம்பெயர்ந்து திரும்பியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். வளவுக் கிணற்றில் தண்ணீர் இருக்கும். ஆனால் துலாவும் இல்லை, மோட்டரும் இல்லை. பல தடவை இறைத்த பிறகுதான் வாயில் வைக்கலாம். (மண்ணெண்ணெயைச் சொட்டுக் கணக்கில் எரித்த ஊருக்கு எண்ணெய்க் கதை புதிதா என்ன!) எண்ணெய்க்குக் குழாய்களும் துறைமுகமும் கைதேர்ந்த ஆட்களும் திரும்ப வேண்டும். காசு இருந்ததால் குவைத் சுமார் இரண்டு ஆண்டுகளில் எழுந்தது.

கிணறுகள் எரிந்தால் நாட்டின் எண்ணெயே தீர்ந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். குவைத்தில் அப்படிப் போனது மொத்த இருப்பில் மிகச் சிறு பங்குதான்.