டைம் ஆபீஸ் பதில்கள்: மட்டம் போட்டால் நாடு கவிழுமா?

(ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது வேலூர் சத்துவாச்சாரியில் இருந்தபடி வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். இந்த இதழில் முழுக்க மட்டம், ஓபி, லீவு சமாச்சாரம்.)

கேள்வி: ஐயா, எங்கள் அரசு அலுவலகத்தில் ஒருவர் காலையில் கையெழுத்துப் போடுவார், பிறகு ஆள் இருக்க மாட்டார். "இவனை மாதிரி ஆட்களால்தான் நாட்டுப் பொருளாதாரமே கெடுகிறது" என்று மேலதிகாரி புலம்புகிறார். நிஜமாகவே கெடுகிறதா?
வாசகர், காட்பாடி

பதில்: உங்கள் மேலதிகாரிக்கு ஒரு கணக்கைச் சொல்லுங்கள், அன்று ராத்திரி தூங்க மாட்டார்.

ஷூ கம்பெனி என்றால் எத்தனை ஜோடி போனது, என்ன விலைக்குப் போனது, தோலுக்கும் சோலுக்கும் கொடுத்தது போக மிச்சம் எவ்வளவு என்று பார்த்து, அதை நாட்டின் மொத்த உற்பத்தியில், அதாவது ஜிடிபியில், சேர்த்துவிடலாம். தாலுகா ஆபீஸில் எதை விற்றார்கள்? சாதிச் சான்றிதழுக்குச் சந்தை விலை கிடையாது. (சில இடத்தில் இருக்கிறது, அதை யாரும் பில் போடுவதில்லை.) அதனால் பெரும்பாலான நாடுகளில் ஒரே ஏற்பாடுதான்: அந்த ஆபீஸை நடத்த என்ன செலவானதோ, அதையே அந்த ஆபீஸின் உற்பத்தி என்று எழுதிக்கொள்கிறார்கள். செலவில் பெரும்பங்கு சம்பளம். ஆக, உங்கள் நண்பர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் சரி, கோட்டை மதில் நிழலில் படுத்திருந்தாலும் சரி, சம்பளம் முழுசாக வந்துவிட்டால் ஜிடிபியில் அவர் கணக்கு ஒரு பைசா குறையாது. அதோடு முடியவில்லை. கையெழுத்துப் போட்ட கையோடு ஆம்பூர் போய் பிரியாணி சாப்பிட்டு, மேட்னி ஷோவும் பார்த்துவிட்டு வந்தாரென்றால் ஹோட்டலுக்கும் தியேட்டருக்கும் வரவு ஏறுகிறது. காகிதத்தைப் பார்த்தால், பக்கத்து சீட்டில் தலை நிமிராமல் ஃபைல் பார்த்தவரைவிட இவர்தான் நாட்டுக்கு அதிகம் செய்திருக்கிறார்!

தேசிய வருமானத்தைக் கணக்கிடும் முறையை அமெரிக்காவில் உருவாக்கிய சைமன் குஸ்நெட்ஸே, இந்த எண்ணை வைத்து ஒரு நாட்டு மக்களின் நலத்தை எடை போட முடியாது என்று 1934-லேயே எழுதி வைத்தார். எண்ணைப் பிடித்துக்கொண்டவர்கள் எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

அப்படியானால் யாருக்குமே நஷ்டம் இல்லையா? இருக்கிறது. பீஞ்சமந்தை மலையிலிருந்து முதியோர் உதவித்தொகைக்கு அலையும் கிழவியை எடுத்துக்கொள்ளுங்கள். விடிய இறங்கி வந்தவளிடம் "சார் சீட்டுல இல்ல, திங்கக்கிழமை வா" என்கிறார்கள். அன்றைய கூலி போச்சு, கூட வந்த மகனின் கூலியும் போச்சு. போன கூலியை எந்தப் புள்ளிவிவரமும் அவள் பெயரில் எழுதாது. திங்கட்கிழமை மறுபடி வர அவள் கொடுக்கிற ஷேர் ஆட்டோக் காசு மட்டும் ஜிடிபியில் வரவாகச் சேரும். மேலதிகாரி புலம்புவதாக இருந்தால் இந்தக் கிழவிக்காகப் புலம்பட்டும். பொருளாதாரம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: சார், நான் ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் செக்‌ஷன். ஒரு நாள் லீவு கேட்டால் சூப்பர்வைசர் கத்துகிறார். "நீ ஒருத்தி வரலன்னா லைனே நின்னு போகும், கம்பெனிக்கு எவ்ளோ நஷ்டம் தெரியுமா" என்கிறார். உண்மையா?
வாசகி, பேரணாம்பட்டு

பதில்: பாதி உண்மைம்மா. மீதிப் பாதியை அவர் சொல்ல மாட்டார்.

கட்டிங்கில் வெட்டின துண்டு, ஓரம் சீவுகிற ஸ்கைவிங்குக்குப் போய், மடிப்புக்குப் போய், உங்கள் மிஷினுக்கு வந்து, பிறகு ஷூவுக்கு வடிவம் கொடுக்கிற லாஸ்டிங்குக்குப் போகிறது. லைனில் மெதுவான இடம் எதுவோ, அன்றைக்கு அத்தனை ஜோடிதான். உங்கள் சீட் காலியாக இருந்தால் உங்களுக்கு முன்னால் அப்பர் (ஷூவின் மேல் பாகம்) குவியும், பின்னால் இருக்கிற பெண்கள் கை கட்டிக்கொண்டு இருப்பார்கள். அதுவரை சூப்பர்வைசர் சொல்வது சரி. ஆனால் இத்தனை பேர் இருக்கிற இடத்தில் தினமும் சிலர் வர மாட்டார்கள் என்பது கம்பெனிக்குத் தெரியாத ரகசியமா? அதற்குத்தான் எல்லா மிஷினும் ஓட்டத் தெரிந்த ஸ்பேர் ஆட்களை வைத்துக்கொள்வது. ஒழுங்கான இடத்தில் அப்படித்தான் வைப்பார்கள். அந்தச் சம்பளத்தை மிச்சம் பிடிக்கிற கம்பெனியில், ஒருத்தி வராத நாளில் பக்கத்து சீட்காரி இரண்டு பேர் வேலையைச் செய்து தோள்பட்டை வலியோடு கம்பெனி பஸ் ஏறுவாள். நஷ்டத்தைச் சுமந்தவள் அவள். முதலாளி இல்லை.

நான் வருஷக்கணக்காக அட்டென்டன்ஸ் ரெஜிஸ்டரைப் பார்த்தவன். ஆண்கள் பக்கத்தில், ஆள் வரவில்லை என்று போடுகிற 'ஏ' எல்லாம் திங்கட்கிழமையில் கொத்துக் கொத்தாக விழும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்கவே வேண்டாம். பெண்கள் பக்கத்தில் ஜூன் மாதம் விழும்: பள்ளிக்கூடம் திறக்கிறது, புத்தகம், யூனிஃபார்ம், பிள்ளைக்கு ஒரு சர்டிபிகேட். அப்புறம் குழுக் கடன் கட்டுகிற நாள். இரண்டுக்கும் ரெஜிஸ்டரில் ஒரே எழுத்துதான். மேலே ரிப்போர்ட் போகும்போது "பெண்கள் அடிக்கடி மட்டம்" என்று போகும். திங்கட்கிழமையைப் பற்றி யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

இன்னொன்று. லீவு வேறு, மட்டம் வேறு. என் காலத்தில் நாங்கள் பார்த்தது 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம். வருஷத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு, அடுத்த வருஷம் 20 நாளுக்கு ஒரு நாள் என்று சம்பளத்தோடு லீவு. உடம்பு சரியில்லை என்று ஈஎஸ்ஐ டாக்டர் எழுதிக் கொடுத்தால், வருஷத்துக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். அதற்காக உங்கள் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிறார்கள். ஆகவே அது சலுகை இல்லை, உங்கள் பாக்கி. முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையில் கேட்ட லீவு கடைசியில் மட்டமாகத்தான் ஏறும்.

ஆனால் உங்கள் வீட்டுக்காரரோ அண்ணனோ தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புக் குழி பார்க்கிறவர் என்றால், அவர் சொல்லாமல் நிற்கக் கூடாது. சுண்ணாம்பில் கிடக்கிற தோல் ஞாயிறு, திங்கள் பார்க்காது. எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்காவிட்டால் நார் தளர்ந்து, பிறகு என்ன பதம் போட்டாலும் உறுதி வராது. பல மாடுகளின் தோல் ஒரே நாளில் வீணாகும். மட்டம் போடுவதால் நிஜமாகவே பொருள் அழிகிற இடம் என்று நான் கண்ணால் பார்த்தது அதுதான்.

கேள்வி: மாதச் சம்பளம் கொடுப்பதால்தான் ஓபி அடிக்கிறார்கள். எங்கள் ஊரில் பீடி சுற்றுகிறவர்கள் மாதிரி செய்த வேலைக்குக் கூலி என்று வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததல்லவா?
வாசகர், குடியாத்தம்

பதில்: மட்டம் தீரும், சரிதான். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சுற்றாத நாளுக்குக் காசு இல்லை. அதனால் அந்தப் பெண் காய்ச்சலோடும் முறத்தை மடியில் வைத்துக்கொள்கிறாள், பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் நூல் கட்டுகிறாள். இலை மோசமாக வந்தால் அந்தச் சேதாரமும் அவள் தலையில். உங்களுக்கு அது தீர்வாகத் தெரிந்தால், முதலில் உங்கள் சம்பளத்தை அப்படி மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள்.

கேள்வி: வாரம் 90 மணி நேரம் வேலை பார்க்கச் சொல்கிறார்களே, நம்மால் முடியுமா?
வாசகர், ராணிப்பேட்டை

பதில்: 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் பேசியதைச் சொல்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மனைவி முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்ப்பீர்கள் என்று அவர் கேட்டதில் ஊரே சிரித்தது, மணிக்கணக்கு அப்படியே மறந்து போனது. முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் குண்டு தயாரித்த பெண்களின் மணிக்கணக்கையும் உற்பத்தியையும் எழுதி வைத்திருந்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் ஜான் பென்காவெல் என்ற பேராசிரியர் அதை எடுத்து ஆராய்ந்து 2014-ல் எழுதினார். வாரம் 56 மணி நேரம் உழைத்தபோது வந்த உற்பத்திக்கும், 70 மணி நேரம் உழைத்தபோது வந்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த 14 மணி நேரமும் அவர்கள் மிஷினிலேயே இருந்தார்கள். கை மட்டும் மட்டம் போட்டுவிட்டது. எங்கள் கம்பெனியிலும் கடைசி ஓ.டி. மணியில் தைத்த அப்பர்தான் மறுநாள் ரிஜெக்டில் வரும்.

கேள்வி: நூறு நாள் வேலை என்ற பெயரில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசுகிறார்கள். இதுவும் ஓபிதானே?
வாசகர், கணியம்பாடி

பதில்: கணியம்பாடியில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! நாகநதி உங்கள் பக்கத்தில்தான் ஓடுகிறது. அந்த ஆற்றுப் படுகையில் மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் கிணறுகளையும் கல் தடுப்புகளையும் கட்டியது, இதே திட்டத்தில் கூலி வாங்கிய பெண்கள்தான். 2021 செப்டம்பரில் பிரதமர் வானொலியில் எடுத்துச் சொல்லும் அளவுக்குப் பேர் வாங்கிய வேலை. மரத்தடியில் உட்காருகிறவர்களும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். பல ஊரில் அவர்களுக்கு என்ன வேலை என்று அளந்து கொடுக்க ஆள் வந்திருக்க மாட்டார். அவர் எங்கே போனார் என்று முதலில் விசாரியுங்கள்.

கேள்வி: ஆசிரியர்கள் வராமல் இருப்பது?
வாசகி, அணைக்கட்டு

பதில்: 2003-ல் உலக வங்கியும் ஹார்வர்ட் ஆய்வாளர்களும் சேர்ந்து இந்தியாவின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குச் சொல்லாமல் போய்ப் பார்த்தார்கள். நான்கில் ஒரு ஆசிரியர் இல்லை. முறையாக லீவில் போனவர், வேறு அரசு வேலைக்கு அனுப்பப்பட்டவர் எல்லாரும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். எப்படியானாலும் மூன்றாம் வகுப்புக் கழித்தல் கணக்கை அந்தப் பிள்ளைக்கு யார் திரும்ப நடத்துவார்கள்? ஷூ லைனில் விட்டுப்போனதை ஓ.டி. போட்டுப் பிடித்துவிடலாம்.

கேள்வி: தினமும் ஏலகிரி எக்ஸ்பிரஸில் சென்னை போய் வருகிறேன். சாயங்காலம் வண்டியைப் பிடிக்க ஆபீஸிலிருந்து கால் மணி நேரம் முன்னாடியே நழுவுகிறேன். நான் திருடனா?
வாசகர், ஜோலார்பேட்டை

பதில்: இருட்டில் எழுந்து வண்டி ஏறுகிறவரைத் திருடன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை தம்பி. ஆனால் நழுவாதீர்கள். காலையில் கால் மணி முன்னாடி உட்கார்ந்து ஈடு கட்டுகிறேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு நேராக வாசல் வழியாகப் போங்கள். டிபன் பாக்ஸை மேஜை மேல் வைத்துவிட்டு, ஆள் பக்கத்தில்தான் இருக்கிறார் என்று காட்டுகிற வேலை மட்டும் வேண்டாம். அதற்கு எந்த டைம் கீப்பரும் ஏமாற மாட்டான், பாக்ஸைத் திறந்து பார்த்தால் கழுவி வைத்திருக்கும்.