வக்தும் வணக்கமும்: கேள்வி பதில்

கீழக்கரை வாசகர்: ஹஜ்ரத் அவர்களே, இறைவனை எந்நேரமும் நினைக்கலாம் என்னும்போது தொழுகைக்கு மட்டும் வக்து (குறித்த நேரம்) வைத்தது ஏன்?

பதில்: இவ்விரண்டையும் குர்ஆன் ஒரே வசனத்தில் வைத்திருக்கிறது. நின்றும் அமர்ந்தும் படுத்தும் அல்லாஹ்வை நினைவுகூரச் சொல்லும் அந்நிஸா அத்தியாயத்தின் 103ஆம் வசனம், தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்று சொல்லி முடிகிறது. அதற்கு முந்தைய வசனமோ, பகைவர் எதிரே நிற்கும்போதும் ஆயுதம் தாங்கியபடி அணி அணியாகத் தொழும் முறையைக் கற்பிக்கிறது. உயிரச்சம்கூட வக்தை நீக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மனம் விரும்பும்போது மட்டும் வணங்குபவர், எல்லா வேலைகளும் போக எஞ்சியதையே இறைவனுக்குக் கொடுப்பார்; வக்து வந்துவிட்டால் நம் விருப்பம் பின்னே நிற்க வேண்டியதாகிறது. என் பார்வையில், இறைவனுக்கு அடிமையாய் இருப்பதன் உட்பொருளே அதுதான்.

மண்டபம் மாணவர்: 'அஸ்ர்' அத்தியாயத்தில் அல்லாஹ் காலத்தின் மீது சத்தியம் செய்வதன் கருத்து என்ன?

பதில்: மூன்றே வசனங்கள். மனிதன் நஷ்டத்தில் இருக்கிறான் என்பதற்குக் காலமே சாட்சியாக நிறுத்தப்படுகிறது. முற்கால விரிவுரையாளர்கள், "கைமுதல் கரைந்துகொண்டிருப்பவன் மீது இரக்கம் காட்டுங்கள்" என்று சந்தையில் கூவிய பனிக்கட்டி வியாபாரியை இதற்கு எடுத்துக்காட்டுவார்கள். மீனை ஐஸில் வைத்துக் காக்கும் நம் கரையில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. நஷ்டத்திலிருந்து விலக்கப்பட்டவர்கள் ஈமான் (இறைநம்பிக்கை) கொண்டு, நற்செயல் புரிந்து, சத்தியத்தையும் பொறுமையையும் ஒருவருக்கொருவர் உபதேசித்தவர்கள். பின்னிரண்டையும் தனியாளாகச் செய்ய இயலாது.

பாம்பன் மீனவர்: கடலில் பாங்கு (தொழுகை அழைப்பு) கேட்பதில்லை, சிக்னலும் கிடைப்பதில்லை. வக்தை எப்படி அறிவது, படகில் எப்படித் தொழுவது?

பதில்: சூரியன் சாய்ந்ததிலிருந்து இரவின் இருள் வரையும், வைகறையிலும் என்றுதான் பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 78ஆம் வசனம் நேரத்தைச் சொல்கிறது; ஆகவே கடிகாரம் இல்லாதவருக்கும் வானம் போதும். நம் பகுதியில் சூரியன் உச்சியைத் தொடுவது பெரும்பாலும் 12 மணிக்குச் சற்றுப் பிந்தியே. அது மேற்கே சாயத் தொடங்கியதும் லுஹர் (நண்பகல் தொழுகை). ஒரு பொருளின் நிழல், உச்சிநேர நிழல் நீங்கலாக அதன் உயரத்தை எட்டியதும் ஷாஃபி மத்ஹப் என்னும் சட்டப் பிரிவின்படி அஸர் (பிற்பகல் தொழுகை). சித்திரைப் பிறப்பை ஒட்டியும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நம் தலைக்கு நேரே வருவதால், அந்நாட்களில் கழிக்க வேண்டிய உச்சிநேர நிழல் ஏறக்குறைய இராது. சூரியன் முழுதாக மறைந்ததும் மஃரிப் (அந்தித் தொழுகை), மேற்கின் செம்மை நீங்கியதும் இஷா (இரவுத் தொழுகை). கிப்லா (தொழும்போது நோக்கும் மக்கா திசை) மேற்கிலிருந்து சற்று வடக்கே. நின்று தொழ இயன்றால் நில்லுங்கள். விழுந்துவிடும் அச்சமோ கடும் தலைச்சுற்றலோ இருந்தால் அமர்ந்து தொழலாம்.

தொண்டி வியாபாரி: ஜும்ஆவுக்கு (வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகைக்கு)ப் பின் கடை திறப்பது கூடுமா?

பதில்: தாராளமாக. பாங்கு சொன்னதும் வியாபாரத்தை விடச் சொன்ன ஜும்ஆ அத்தியாயமே, தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடவும் சொல்கிறது.

ஏர்வாடி சகோதரி: கைக்குழந்தை இருப்பதால் பல நாள் தாமதித்தே தொழுகிறேன். தொழுகையில் பராமுகமாக இருப்போருக்குக் கேடு என்ற மாஊன் அத்தியாய வசனம் என்னை அச்சுறுத்துகிறது.

பதில்: அஞ்ச வேண்டாம், மகளே. வானவர் ஜிப்ரீல் (அலை) அவர்கள் நபி (ஸல்) அவர்களுக்கு ஒரு நாள் வக்தின் தொடக்கத்திலும் மறுநாள் அதன் இறுதியிலும் தொழுவித்து, இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே நேரம் என்று அறிவித்தார்கள். ஆரம்ப வக்து சிறந்தது. ஆயினும் அந்த எல்லைக்குள் தொழுதவர் உரிய நேரத்தில் தொழுதவரே. அந்த வசனம், பொருட்படுத்தாமல் வக்தையே கடக்க விடுபவரைக் குறிக்கும் என்று முன்னோர் பலர் விளக்கியுள்ளனர். அயர்ந்து தூங்கி வக்து தப்பிவிட்டால், விழித்ததும் களாவாக (தவறியதற்கு ஈடாக) தொழுதுகொள்ளுங்கள்.