இடுப்பில் கருவி, இடுப்பில் குடம்

அன்புள்ள ஐயா,

உடற்கல்வியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அரசுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பும் பிளஸ் ஒன்னும் படிக்கும் பிள்ளைகள் தினமும் எவ்வளவு ஓடியாடுகிறார்கள் என்பது தலைப்பு. இடுப்பில் அசைவை அளக்கும் ஆக்டிகிராஃப் கருவியை ஏழு நாள் கட்டிவிட்டு, கூடவே ஒரு வினாத்தாளும் கொடுத்தேன். தரவை 60 நொடிக்கு ஒரு எண் என்று கூறுகளாக இறக்கி, எவ்வளவு எண் வந்தால் லேசான, மிதமான, கடும் உழைப்பு என்று பிரிக்கும் எவன்சன் எல்லைகளை வைத்துக் கணக்கிட்டேன். மாணவிகளில் ஒருவர்கூட உலக சுகாதார நிறுவனம் சொல்லும், நாளுக்கு 60 நிமிட மிதமான அல்லது கடும் உழைப்பைத் தொடவில்லை. பையன்கள் பரவாயில்லை. பெண்பிள்ளைகள் கருவியை ஒழுங்காகக் கட்டுவதும் இல்லை, மாலையானால் கழற்றி வைத்துவிடுகிறார்கள். இவர்கள் சோம்பலைப் போக்க என்ன பயிற்சித் திட்டம் கொடுக்கலாம்? வாரத்துக்கு இன்னொரு பி.டி. பீரியட் கேட்டுப் பரிந்துரை எழுதலாமா? செல்போன்தான் காரணம் என்கிறார் என் வழிகாட்டி. 'செடன்டரி' என்பதற்கு ஆய்வேட்டின் தமிழ்ச் சுருக்கத்தில் என்ன சொல் போடுவது?

ர.

அன்புள்ள ர.,

'மாலையானால் கழற்றி வைத்துவிடுகிறார்கள்' என்ற வரியைத் தாண்டி என்னால் மேலே போக முடியவில்லை. இதே வரி பல ஆய்வேடுகளில் வருகிறது. 'மாணவிகளின் ஒத்துழைப்புக் குறைவு' என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். ஏன் கழற்றினாய் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டவர் யாருமில்லை. நீங்கள் கேட்டீர்களா?

கருவியை எங்கே கட்டினீர்கள்? வலது இடுப்பெலும்புக்கு மேல், எலாஸ்டிக் பெல்ட்டில். பள்ளி விட்டு வந்ததும் அவள் பிளாஸ்டிக் குடத்தை எங்கே வைப்பாள்? அதே இடுப்பில்தான். பெல்ட்டோடு குடத்தை ஏற்றினால் கருவி எலும்பில் குத்தும். குடம் தளும்பினால் கருவி நனையும், 'ஜாக்கிரதையா வச்சுக்கோ, விலை அதிகம்' என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். உங்கள் பேச்சுக்குக் கட்டுப்பட்டுத்தான் அவள் அதைக் கழற்றிச் சாமி மாடத்திலோ டிவிக்கு மேலேயோ வைக்கிறாள். அந்தப் பிள்ளையின் கவனத்துக்கு நீங்கள் வைத்த பெயர் ஒத்துழையாமை.

கழற்றியதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கருவி 20 நிமிடம் தொடர்ந்து பூஜ்யம் காட்டினால் 'அணியாத நேரம்' என்று வெட்டிவிடுகிறோம். 10 மணி நேரம் அணிந்திருந்தால்தான் அந்த நாள் கணக்கில் சேரும். காலை 7 மணிக்குக் கட்டி மாலை 5:30-க்குக் கழற்றியவளுக்குப் பத்தரை மணி நேரம். நாள் கணக்கில் சேரும், ஆனால் அவள் உடம்பு உழைத்த மாலை மட்டும் காணாமல் போகும். மிஞ்சுவது பெஞ்சில் உட்கார்ந்த நேரம். காலையில் தண்ணீர் பிடித்துவிட்டு 8 மணிக்குக் கட்டியவளுக்கு ஒன்பதரை மணி நேரம்தான் தேறும். அவளுடைய நாளே போய்விடும். விடுபடும் தரவு எல்லோரிடமிருந்தும் சமமாக விடுபட்டால் சராசரிக்குப் பெரிய சேதம் இல்லை. இங்கே அதிகம் உழைக்கிறவளிடமிருந்துதான் அதிகம் விடுபடுகிறது. உழைப்பை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை அளந்து சோம்பல் என்று எழுதுகிறோம்.

கழற்றாமல் இருந்திருந்தாலும் பெரிதாக மாறியிருக்காது. இந்தக் கருவிக்கு எடை தெரியாது. அது பதிவது முடுக்கத்தை, உடம்பின் குலுக்கலை. 15 லிட்டர் குடம் என்றால் 15 கிலோ. அதை இடுக்கிக்கொண்டு நடப்பவள் தண்ணீர் சிந்தாமல் இருக்க நிதானமாக, குலுங்காமல் நடப்பாள். வெறுங்கையோடு அதே பாதையில் போனதைவிடக் குறைவான எண்ணைத்தான் கருவி காட்டும். மூச்சு வாங்கும், எண் இறங்கும். அடிபம்பில் தண்ணீர் அடிக்கும்போது உழைப்பெல்லாம் கையிலும் தோளிலும் முதுகிலும். இடுப்பு அதிகம் அசையாது.

சைக்கிள் இதைவிட மோசம். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் கொடுக்கிறது, உங்கள் ஆய்வில் பாதிப்பேர் பிளஸ் ஒன். சீட்டில் உட்கார்ந்து மிதிக்கும்போது இடுப்பு மேலும் கீழும் போவதில்லை. நாலு கிலோமீட்டர் மிதித்து வந்தவளை, சாலை சீராக இருந்தால், கருவி கிட்டத்தட்ட உட்கார்ந்திருந்தவளாகவே பதியும். நிதானமாகச் சைக்கிள் மிதிப்பதற்கே 4 மெட், அதாவது சும்மா உட்கார்ந்திருப்பதைப்போல் நான்கு மடங்கு உழைப்பு, என்று பட்டியல் இருக்கிறது. பிள்ளைகளுக்கு மிதமான உழைப்பு தொடங்கும் எல்லையாகப் பலரும் வைத்திருப்பதும் அதே 4 மெட்தான். போக இருபது, வர இருபது என்று வைத்தாலும், அவளுடைய அறுபதில் நாற்பது நிமிடம் உங்கள் அட்டவணையில் இல்லை. எவன்சன் எல்லைகளை வைத்துக் கணக்கிடத் தெரிந்த உங்களுக்கு, அந்தக் கருவிக்குச் சைக்கிள் தெரியாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கருவியைக் கையில் எடுக்கும் முதல் நாளே படிக்க வேண்டிய பாடம் அது.

2016 நிலவரத்தை வைத்து 146 நாடுகளின் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளைப் பற்றி உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்களின் பெரிய கணக்கு ஒன்று வெளியானது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 81 சதவீதம் பேருக்குப் போதிய உடலியக்கம் இல்லை, பெண்கள் 84.7, ஆண்கள் 77.6. மற்ற நாடுகளோடு ஒப்பிட்டால் இந்தியாவிலும் வங்கதேசத்திலும் பெண்பிள்ளைகளின் நிலை கொஞ்சம் மேலாக இருந்தது. அவர்கள் தலையில் விழும் வீட்டு வேலை காரணமாக இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்களே சொன்னார்கள். அது பிள்ளைகள் தாங்களே சொன்ன பதிலை வைத்துப் போட்ட கணக்கு, கருவிக் கணக்கு அல்ல. ஜெனீவாவில் உட்கார்ந்து எண்களைப் பார்த்தவர்களுக்குத் தோன்றியது, அந்தப் பிள்ளைகளின் தெருவில் பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற உங்களுக்கு ஏன் தோன்றவில்லை?

இதைப் படித்துவிட்டு 'வீட்டு வேலையே போதும், பெண்பிள்ளைகளுக்கு மைதானம் எதற்கு' என்று யாராவது கிளம்பினால் அவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. குடம் சுமப்பதில் குதிப்பு கிடையாது, எலும்புக்குக் குதிப்பு வேண்டும். அமெரிக்காவின் ஆரெகனில் சிறு பிள்ளைகளை 61 செ.மீ. உயரப் பெட்டியிலிருந்து ஒரு அமர்வுக்கு 100 முறை, வாரம் மூன்று நாள், ஏழு மாதம் குதிக்கவைத்துப் பார்த்தார்கள். இடுப்பிலும் முதுகெலும்பிலும் எலும்புத் தாது கூடியது. வாரம் மூன்று நாளாவது எலும்பையும் தசையையும் வலுவாக்கும் அசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் சொல்கிறது. பாண்டியும் ஸ்கிப்பிங்கும் அதைத்தான் செய்கின்றன. ஒன்பதாம் வகுப்பு வந்த பெண்ணுக்குப் பாண்டி ஆட நேரமும் இல்லை, ஆடினால் 'இன்னும் சின்னப்புள்ளயா நீ' என்று கேட்க வீட்டில் ஆளும் உண்டு. அவளுக்கு இல்லாதது விளையாட்டு. நீங்களோ உழைப்பே இல்லை என்று எழுதிவிட்டீர்கள்.

இனி 60 நொடி. இதைச் சரிசெய்ய முடியும் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். கோ-கோ ஆட்டத்தில் ஒரு நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விரட்டும் பக்கத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஒருத்தி ஓடுவாள். அவள் பாய்ந்து ஓடிய முதல் 15 நொடியில் கருவி 1240 காட்டுகிறது என்று வைப்போம். 'கோ' கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அடுத்த இரண்டு கூறுகளில் 18, 9. கடைசியில் எழுந்து கட்டம் மாறியதில் 310. எவன்சன் எல்லைப்படி 15 நொடிக்கு 574 வந்தால் மிதமான உழைப்பு, 1003 வந்தால் கடும் உழைப்பு. ஆக அவளுக்கு 15 நொடிக் கடும் உழைப்பு சேர வேண்டும். நீங்கள் நான்கையும் கூட்டி ஒரே நிமிடமாக வைத்தீர்கள்: 1577. நிமிடக் கணக்கில் மிதமான உழைப்பு தொடங்குவது 2296-ல். அந்த நிமிடம் முழுக்க 'லேசான அசைவு' என்று போய்விட்டது. அவள் ஓடிய ஓட்டம் எங்கே?

பிள்ளைகள் இப்படித்தான் அசைவார்கள். 1995-ல் லாஸ் ஏஞ்சலஸில் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளைக் கூடவே இருந்து கவனித்து எழுதியதில், கடும் அசைவு ஒன்றின் இடைநிலை நீளம் வெறும் 3 நொடி. 95 சதவீதக் கடும் அசைவுகள் 15 நொடிக்குள் முடிந்துவிட்டன. உங்கள் பிள்ளைகள் வயதில் பெரியவர்கள், கொஞ்சம் நீண்டு ஓடுவார்கள். ஆனாலும் நிமிடக் கூறு இவர்களுக்குப் பொருந்தாது. எவன்சன் எல்லைகள் உருவானதே 15 நொடிக் கூறுகளில்தான்.

மூலக் கோப்பை அழித்துவிடவில்லையே? ஜிடி3எக்ஸ் பிளஸ்ஸோ அதற்குப் பிந்திய மாடலோ என்றால் நொடிக்கு 30 அளவீடாவது அதில் அப்படியே இருக்கும். கருவியின் மென்பொருளான ஆக்டிலைஃபில் மறுபடி திறந்து 15 நொடிக் கூறாக மாற்றிக்கொள்ளலாம். மாணவர்களைத் திரும்பத் தேடிப் போக வேண்டியதில்லை. மொத்தக் கணக்கையும் இதில் மறுபடி போடுங்கள். 60 நிமிடத்தை ஏழு நாளும் தனித்தனியாகத் தொட வேண்டும் என்று எண்ணியிருந்தால் அதையும் மாற்றுங்கள். அது உலக சுகாதார நிறுவனத்தின் 2010 வழிகாட்டுதல். 2020-ல் வந்தது வாரத்தின் சராசரியைத்தான் கேட்கிறது.

குடத்துக்கும் சைக்கிளுக்கும் இப்படி மென்பொருளில் வழி கிடையாது. இருபது மாணவிகளையாவது மறுபடி ஒரு வாரம் பாருங்கள், இந்த முறை கருவியோடு ஒரு தாளும் கொடுத்து. நாளுக்கு ஒரு வரி போதும். கட்டிய நேரம், கழற்றிய நேரம், ஏன் கழற்றினாள்: குளியலா, தண்ணீரா, கூச்சமா, மறதியா. எத்தனை நடை தண்ணீர், குழாயா பம்பா. சைக்கிள் கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம். டபுள்ஸ் மிதித்தாளா, டபுள்ஸில் பின்னால் உட்கார்ந்து போனாளா என்பதையும் கேளுங்கள். மிதித்தவளுக்குச் சேர வேண்டியதை உட்கார்ந்து போனவளுக்குச் சேர்த்துவிடக் கூடாது. பள்ளிக்குப் போகும் வழி தினமும் ஒன்றுதான் என்பதால் சைக்கிள் நேரத்தை மற்ற மாணவிகளிடம் இப்போதும் கேட்டு வாங்கலாம். பிறகு கருவி சொன்னதை ஒரு அட்டவணையாகவும், சைக்கிள் நிமிடங்களைச் சேர்த்ததை இன்னொரு அட்டவணையாகவும் போடுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம். எண்ணை ஊதிப் பெருக்கச் சொல்லவில்லை. எதை அளந்தீர்கள், எதை அளக்கவில்லை என்பது படிக்கிறவருக்குத் தெரிய வேண்டும். மணிக்கட்டில் கட்டும் கருவி கிடைத்தால் கழற்றும் தொல்லை குறையும், நனைந்தாலும் தாங்கும். ஆனால் இடுப்புக்கான எல்லைகளை மணிக்கட்டுக்குப் போட்டுவிடாதீர்கள். அதற்குத் தனி எல்லைகள்.

வினாத்தாளில் 'கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் 60 நிமிடம் உடற்பயிற்சி செய்தாய்' என்று கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் கண்ணுக்குத் தெரிவது வரிசையில் நின்று கையைத் தூக்கி மடக்கும் டிரில். பூஜ்யம் என்று எழுதிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள். 'மூச்சு வாங்குகிற மாதிரி, நெஞ்சு படபடக்கிற மாதிரி' என்று கேளுங்கள், நடை, சைக்கிள், தண்ணீர் என்று உதாரணமும் கொடுங்கள். அச்சுக்குப் போகும் முன் எட்டுப் பத்துப் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டி, 'இதைக் கேட்டதும் உனக்கு என்ன ஞாபகம் வந்தது' என்று கேட்டுப் பாருங்கள். கனடாவில் உருவான வினாத்தாளை அப்படியே பெயர்த்திருந்தால், பட்டியலில் ஐஸ் ஹாக்கியும் பனிச்சறுக்கும் இன்னும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

செல்போன் பற்றி நீங்கள் அளக்கவே இல்லை. அளக்காததைக் காரணமாக எழுதாதீர்கள், வழிகாட்டி சொன்னாலும்.

கூடுதல் பீரியட் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதனால் மொத்த அசைவு கூடிவிடும் என்று அடித்து எழுத வேண்டாம். 2003-ல் இங்கிலாந்தின் பிளிமத்தில் மூன்று பள்ளிகளை அளந்தார்கள். ஒன்றில் வாரம் 9 மணி நேரம் உடற்கல்வி, மற்ற இரண்டில் இரண்டு மணி நேரத்தை ஒட்டி. வாரம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் மூன்று பள்ளிப் பிள்ளைகளின் மொத்த அசைவும் ஏறத்தாழ ஒன்றே. 2012-ல் 30 ஆய்வுகளைத் தொகுத்தபோது, இத்தகைய திட்டங்களால் கிடைத்த லாபம் நாளுக்குச் சுமார் 4 நிமிட நடையோ ஓட்டமோதான். முதலில் எண்கள் சரியாகட்டும், உங்கள் திட்டத்தைப் பிறகு யோசிப்போம். பரிந்துரையில் நீங்கள் கேட்கக்கூடியது: வேறு பாட ஆசிரியர் யாருக்கும் போகாத பி.டி. பீரியட் ஒன்று, அதில் பெண்களுக்கென்று ஒதுக்கிய பாதி மைதானம், பத்து ஸ்கிப்பிங் கயிறு. அதற்குமேல் இப்போதைக்கு என்னிடம் இல்லை.

கடைசியாக அந்தச் சொல். 'செடன்டரி' என்பதற்கு 'அமர்வு நேரம்' என்று போடுங்கள். விழித்திருக்கும்போது உட்கார்ந்தோ சாய்ந்தோ 1.5 மெட்டுக்குள் இருக்கும் நேரம் அது. உங்கள் கருவி நிமிடத்துக்கு 100-க்குக் கீழ் வந்த எல்லாவற்றையும் அதில் சேர்த்திருக்கிறது. அடுப்பு முன்னால் நின்றவளும் பாத்திரம் துலக்க நின்றவளும் அதில் அடக்கம், ஏனென்றால் நிற்பதற்கும் உட்காருவதற்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. இதை அட்டவணைக்குக் கீழே ஒரு வரியாக எழுதிவிடுங்கள். 60 நிமிடம் எட்டாதவர்களை 'போதிய உடலியக்கம் இல்லாதவர்' என்று குறிப்பிடுங்கள். சுருக்கத்தில் 'சோம்பல்' என்று எங்கெல்லாம் எழுதியிருக்கிறீர்களோ, அங்கெல்லாம் அடித்துவிடுங்கள். புதிய கணக்கு முடிந்ததும் இரண்டு அட்டவணையையும் அனுப்புங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்