இழுவை வின்ச்சின் சீல்: 13 இலக்க எண்ணை எப்படிப் படிப்பது?

வணக்கம். கப்பலில் கயிறு இழுக்கும் இயந்திரமான வின்ச்சின் ஹைட்ராலிக் சீல் (எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) கசிகிறது, பெயர்ப்பலகை அழிந்துவிட்டது, பழைய பட்டியலில் 13 இலக்க எண் (நேட்டோ இருப்பு எண், NSN) மட்டும் இருக்கிறது, சகோதரக் கப்பலின், அதாவது அதே வடிவமைப்பில் கட்டிய இன்னொரு கப்பலின், சீலைப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த எண்ணே பாதி வேலையை முடித்துவிடும். முதல் 4 இலக்கம் பொருளின் வகை: 5330 என்றால் சீல், கேஸ்கெட், 3950 என்றால் வின்ச், கிரேன். அடுத்த 2 இலக்கம் நாட்டைக் குறிக்கும், 00 அல்லது 01 அமெரிக்கா. கடைசி 7 அந்தப் பொருளுக்கே உரியது. முழு எண்ணையும் இந்த எண்களைத் தேடும் தளத்தில் கொடுத்தால், அதைத் தயாரித்த நிறுவனங்களின் பாக எண்கள் கிடைக்கும். அங்கிருந்து தேடுங்கள்.

சகோதரக் கப்பலை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அமெரிக்கக் கடற்படையின் சேஃப்கார்ட், கிராஸ்ப், சால்வர், கிராப்பிள் நான்கும் 1985, 86-இல் பணிக்கு வந்த ஒரே வகுப்பு மீட்புக் கப்பல்கள்தான். ஆனால் ஒவ்வொரு பழுதுபார்ப்பிலும் பாகங்கள் மாறியிருக்கலாம். அதனால் தண்டின் விட்டம், உறையின் உள்விட்டம், அகலம் மூன்றையும் வெர்னியரால் அளந்துவிடுங்கள். 2 அங்குலம் என்பது 50.8 மி.மீ. அந்த இடத்தில் 50 மி.மீ. சீலைத் திணித்தால் சீக்கிரமே மறுபடியும் கசியும்.

அப்புறம், ரப்பர். வின்ச்சில் கனிம எண்ணெய் என்றால் நைட்ரைல் ரப்பர் போதும், இ.பி.டி.எம். என்ற ரப்பர் அதில் ஊதிப்போகும், வேண்டவே வேண்டாம். புது சீல் வரும் பாக்கெட்டில் ரப்பர் வார்த்த தேதி இருக்கும், பல ஆண்டு பழையதென்றால் தள்ளிவிடுங்கள். புது சீல் போடும் முன் தண்டில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். அளவுகளை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.