டிரம்மர் ஆல்பத்துல டிரம் சோலோ எங்க?

சார், வணக்கம். நீங்க சொன்னீங்கன்னு ஜாஸ் டிரம்மர் ஆர்ட் பிளேக்கியோட ‘மோனின்’ ஆல்பம் கேட்டேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா டைட்டில் டிராக் ஒம்பது நிமிஷத்துக்கு மேல ஓடுது, டிரம்பெட், சாக்ஸ், பியானோ, பேஸ்னு எல்லாரும் சோலோ வாசிக்கிறாங்க, லீடர் மட்டும் வாசிக்கல. ஆறு டிராக்ல ஒண்ணுகூட அவர் எழுதுனதும் இல்ல. அப்புறம் எப்படி இது அவர் ஆல்பம்?
எஸ்.

அன்புள்ள எஸ்,

கணக்கெல்லாம் சரிதான். நாலு டிராக் சாக்ஸ் வாசிக்கிற பென்னி கோல்சன் எழுதுனது, டைட்டில் டிராக் பியானோ வாசிக்கிற பாபி டிம்மன்ஸோடது, மிச்சம் ஒண்ணு பழைய பாட்டு. ஆனா அவர் லீடரா இல்லையாங்கிறத சோலோவ வச்சு பாக்காதீங்க, மத்தவங்க சோலோவுக்கு அடியில என்ன நடக்குதுன்னு பாருங்க.

டைட்டில் டிராக்கையே திரும்பப் போடுங்க, இந்த தடவை டிரம்பெட்ட விட்டுட்டு டிரம்ஸ மட்டும் கேளுங்க. டிரம்பெட்ல லீ மார்கன் வாசிக்க ஆரம்பிக்கிறாரு, அப்போ அவருக்கு வயசு இருபதுதான், பிளேக்கிக்கு முப்பத்தொம்பது. ஹை-ஹேட், அதான் காலால மிதிச்சு மூடுற ஜோடித் தட்டு, ரெண்டாவது நாலாவது பீட்ல ‘சக் சக்’னு விழுந்துகிட்டே இருக்கும், அது அசையவே அசையாது. மெட்டு ஒரு சுத்து முடியப்போற நேரத்துல ஸ்னேர்ல, அதான் முன்னாடி இருக்குற சின்ன டிரம்ல, ஒரு உருட்டு கெளம்பும் பாருங்க, பிரஸ் ரோல்னு சொல்வாங்க, அடியில இருந்து பொங்கி வந்து அடுத்த சுத்தோட முதல் பீட்ல கொண்டுபோய் தள்ளிவிட்டுடும், அதுக்கப்புறம் அந்தப் பையன் சும்மா வாசிச்சுட்டு எறங்க முடியாது, சூடு ஏத்தியே ஆகணும். கதை கேக்குறவன் ‘உம்’ கொட்டுற விதத்துலயே சொல்றவனுக்கு வேகம் வரும்ல, அது மாதிரிதான். மார்கன் முடிச்ச கடைசி வரிய அப்படியே கையில வாங்கி கோல்சன் தன்னோட சோலோவ ஆரம்பிக்கிறதையும் கவனிங்க, செம இடம் அது!

இன்னொன்னு, 1958 அக்டோபர் 30, நியூ ஜெர்சியில ரூடி வான் கெல்டர் ஸ்டூடியோவுல இத ரெக்கார்ட் பண்ணப்போ பிளேக்கியத் தவிர மிச்ச நாலு பேரும் ஃபிலடெல்ஃபியா ஆளுங்க, இவர் மட்டும் பிட்ஸ்பர்க். எழுதத் தெரிஞ்சவன எழுத விட்டுட்டு இவர் பின்னாடி உக்காந்துகிட்டாரு. பின்னால வெய்ன் ஷார்ட்டர், ஃப்ரெடி ஹப்பர்டுன்னு எத்தனை பேரு இவரோட ‘ஜாஸ் மெசஞ்சர்ஸ்’ பேண்டுல வாசிச்சுட்டு தனியா போய் பெரியாளானாங்க.

இல்ல சார், எனக்கு டிரம் சோலோதான் வேணும்னா ரெண்டாவது பக்கத்துல முதல் டிராக், ‘தி டிரம் தண்டர் சூட்’, போய் கேளுங்க. மேலட்ட, அதான் நுனியில மெத்துன்னு உருண்டை வச்ச குச்சிய, எடுத்து மூணு பகுதியா பொளந்து கட்டியிருப்பாரு. என்னைக் கேட்டா ஆல்பத்துலயே எனக்கு ஒட்டாத டிராக் அதுதான்.