தூக்கத்துக்குக் கஞ்சா எண்ணெய் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 49. திருப்பாதிரிப்புலியூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வருடமாகச் சரியான தூக்கம் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு உடம்பெல்லாம் வேர்த்து விழிப்பு வந்தால் விடியும்வரை புரண்டுகொண்டே கிடக்கிறேன். ஜாதிக்காய்ப் பால், கசகசாப் பால், அமுக்கரா சூரணம் எல்லாம் பார்த்தாயிற்று. மெடிக்கலில் கொடுத்த சின்ன மாத்திரையை எட்டு மாதமாகப் போடுகிறேன். முதலில் பாதி, இப்போது முழுசு. போனில் 'விஜயா எண்ணெய்' என்று கஞ்சா இலை எண்ணெய் விளம்பரம் வருகிறது, 2,800 ரூபாய். கனடாவில் இருக்கும் அக்கா மகனோ, பொங்கலுக்கு வரும்போது கஞ்சா மிட்டாய் கொண்டுவருகிறேன் என்கிறான். எதை வாங்கலாம்?
கடலூர் வாசகி

பதில்: சகோதரி, அக்கா மகனுக்கு இன்றைக்கே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கனடாவில் 2018-ல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கினார்கள். ஆனால் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது அங்கேயே குற்றம். இங்கே 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் இருக்கிறது. சிறிய அளவில் பிடிபட்டாலும் ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். சித்தியின் தூக்கத்துக்காக ஒரு பிள்ளை விமான நிலையத்தில் மாட்ட வேண்டாம்.

எண்ணெய் வேறு கதை. அந்தச் சட்டம் கஞ்சா என்று சொல்வது செடியின் பூவையும் காயையும்தான். தனி இலை அதில் சேராது. அதனால் ஆயுர்வேத உரிமம் பெற்றவர்கள் இலையிலிருந்து 'விஜயா' மருந்து செய்கிறார்கள். ஆனால் இது மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிட வேண்டிய மருந்து. லேபிளில் அந்த எச்சரிக்கை இருக்க வேண்டும். உரிம எண்ணும் தொகுதி (பேட்ச்) எண்ணும் இல்லாமல், உங்களை ஒரு வார்த்தை கேட்காமல் பணத்தை மட்டும் வாங்கிக்கொள்பவரிடம் வாங்காதீர்கள். 'ஹெம்ப் சீட் ஆயில்' என்று வருவது கஞ்சா விதையில் ஆட்டிய சமையல் எண்ணெய். உணவாக விற்க 2021-ல் அனுமதி கிடைத்தது. அதை வைத்துத் தூக்கம் வரும் என்று சொல்லி விற்பது ஏமாற்று.

சரி, கஞ்சாவால் தூக்கம் வருமா? அரியாங்குப்பத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். வெளிநாட்டில் வேலை பார்த்தபோது பழகியதாம். முதல் சில மாதம் படுத்ததும் தூங்கினாராம். பிறகு அளவைக் கூட்டாமல் கண் மூடவில்லை. ஊர் திரும்பி நிறுத்தியதும் இரண்டு வாரம் தூக்கமும் போய், பயங்கரக் கனவுகளும் வந்தன. கஞ்சாவின் போதைப்பொருள் கனவு காணும் தூக்கத்தைக் குறைக்கிறது, உடம்பும் அதற்குப் பழகிவிடுகிறது. விட்டதும் அடக்கி வைத்த கனவெல்லாம் சேர்ந்து வரும்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்க வைத்தது எண்ணெய் இல்லை, அந்தச் சின்ன மாத்திரை. என் அம்மாவுக்கும் இப்படித்தான் ஒரு கடையில் டாக்டர் சீட்டு இல்லாமலே கொடுத்தார்கள். ஆறு வருடம் போட்டார். ஒரு ராத்திரி கழிவறைக்குப் போகும் வழியில் தடுமாறி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. அது அல்பிரசோலம் என்ற, பழக்கமாகிவிடும் தூக்க மாத்திரை என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். இந்த வகை மாத்திரைகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யாருக்கு விற்றோம் என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அம்மாவுக்கு டாக்டர் பல மாதம் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்தினார். நீங்களும் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வரை போகலாம். அளவையும் நீங்களாகக் கூட்டாதீர்கள்.

ராத்திரி வேர்வையும் உங்கள் வயதும் மாதவிடாய் நிற்கும் காலத்தைக் காட்டுகின்றன. தைராய்டும் பார்க்க வேண்டும். அதற்கு ஏற்கனவே மாத்திரை போடுகிறீர்கள் என்றால் அமுக்கராவை டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள். பெரிதாகக் குறட்டை விடுவீர்களா என்று வீட்டில் கேளுங்கள். மூச்சு தடைப்படுகிறவர்களுக்குத் தூக்க மாத்திரையே ஆபத்து.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் டாக்டர்கள் சொல்லும் சிகிச்சை ஒரு பழக்கப் பயிற்சி. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். தூக்கம் வந்தால் மட்டும் படுக்க வேண்டும். புரண்டுகொண்டிருந்தால் எழுந்து வேறு இடத்தில் உட்கார வேண்டும். சில வாரம் பிடிக்கும், முதல் வாரம் கஷ்டமாகவே இருக்கும். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள், கடலூரிலிருந்து பக்கம்தான். போனில் பேச அரசின் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, இலவசம்.

எண்ணெய்க்கு ஏற்கனவே பணம் கட்டியிருந்தால் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். இல்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். டாக்டரிடம் போகும்போது அந்த மாத்திரை அட்டையைப் பையில் எடுத்துப்போக மறக்காதீர்கள்.