ஏற்கெனவே முட்டையிடப்பட்ட பூச்சியை ஒட்டுண்ணிக் குளவி எப்படிக் கண்டுகொள்கிறது?

வேறொரு பூச்சியின் முட்டையிலோ புழுவிலோ தன் முட்டையை இடுவது ஒட்டுண்ணிக் குளவி. பொரிந்து வரும் குளவிப்புழு அந்தப் பூச்சியைத் தின்றே வளரும். சின்ன உடலில் இரண்டு பேருக்குத் தீனி போதாது. பல இனங்களில் ஒன்று மற்றொன்றைக் கொன்றுவிடும். அதனால் முட்டையிட்ட குளவி மேலே ஒரு வாசனைப் பொருளைத் தடவிவிட்டுப் போகிறது, இருக்கையில் பை வைத்து இடம் பிடிப்பதைப் போல.

டிரைக்கோகிரம்மா என்ற பொடிக் குளவி அந்துப்பூச்சி முட்டையின் மேல் ஏறி, உணர்கொம்பால் தட்டித் தட்டிப் பார்க்கும் அழகே தனி. 1930களில் ஜார்ஜ் சால்ட் என்ற ஆய்வாளர், ஏற்கெனவே குளவி முட்டையிட்டிருந்த அந்துப்பூச்சி முட்டைகளைக் கழுவி வைத்துப் பார்த்தார். மேல் தடயம் போனதால் குளவிகள் முட்டையிடும் ஊசியைச் செருகின. ஆனால் உள்ளே ஏற்பட்டிருந்த மாற்றத்தை ஊசி உணர்ந்ததும் முட்டையிடாமல் விலகின.

அடையாளம் இருந்தால் குளவி ஒருபோதும் முட்டையிடாது என்று பலர் நினைக்கிறார்கள். வேறு பூச்சி கிடைக்காதபோது அதிலேயே இட்டுவிடும்.